பெரம்பூரில் இறங்காத பை

வடசென்னையில் செய்தித்தாள் படிப்பவர்களுக்கு ஒரு சொற்றொடர் மனப்பாடம்: "கேட்பாரற்றுக் கிடந்த பை." வடக்கிலிருந்து வந்த ரயில், பொதுப்பெட்டி, இருக்கைக்கு அடியில் ஒரு பை. ரயில்வே பாதுகாப்புப் படையினர் சுற்றியிருப்பவர்களிடம் கேட்கிறார்கள். யாரும் தனது என்று சொல்வதில்லை. திறந்தால் பழுப்பு டேப் சுற்றிய கஞ்சாப் பொட்டலங்கள். பெரம்பூர், பேசின் பிரிட்ஜ், சென்ட்ரல் என்று நிலையத்தின் பெயர் மட்டும் மாறும். கொண்டுவந்தவன் பயந்து ஓடிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

பல நேரங்களில் அவன் அதே ரயிலில், பைக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருப்பான். சோதனை வந்தால் பையைப் பார்க்காமல் இறங்கிப் போவதுதான் அவனுக்குச் சொல்லப்பட்ட வேலை. பை போனால் போகட்டும், ஆள் போகக்கூடாது. ஆள் பிடிபட்டால் யாரிடம் வாங்கினான், யாரிடம் கொடுக்கப் போகிறான் என்ற இரண்டு பெயர்களும் சேர்ந்து போய்விடும். காசிமேட்டில் ஏலம் எடுக்கும் வியாபாரி, வழியில் கெட்டுப்போகப் போகும் ஒரு கூடை மீனையும் சேர்த்தேதான் விலை போடுகிறார். கேட்பாரற்ற பையும் அப்படி முன்கூட்டியே கணக்கில் எழுதப்பட்ட நஷ்டம்.

வியாசர்பாடியில் வளர்ந்தவன் என்பதால் இந்தக் கணக்கைப் பேச விரும்புகிறேன். எங்கள் பகுதியைப் பற்றி வெளியே பேசப்படுவதெல்லாம் இரண்டே வகை. ஒன்று, சீரழிந்த இளைஞர்கள் என்ற புலம்பல். மற்றொன்று, சுட்டுத்தள்ளு என்ற கைத்தட்டல். இரண்டிலும் பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்ற கேள்வி இல்லை. அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால்தான், பிடிக்கப் பிடிக்க ஏன் வந்துகொண்டே இருக்கிறது என்பது விளங்கும்.

சென்னைக்கு வரும் கஞ்சாவின் முக்கிய ஊற்று ஆந்திர–ஒடிசா எல்லை மலைகள். விசாகப்பட்டினத்திலிருந்து 2022-ல் பிரிக்கப்பட்ட அல்லூரி சீதாராம ராஜு மாவட்டம், அந்தப் பக்கம் மல்கான்கிரி, கோராபுட். சாலை எட்டாத சரிவுகளில் பழங்குடி விவசாயிகள் மஞ்சளும் காபியும் போடுகிறார்கள். மஞ்சளை விற்க அவர்கள்தான் சந்தைக்கு இறங்கிவர வேண்டும். கஞ்சாவுக்கோ வியாபாரியே முன்பணத்தோடு வீட்டு வாசலுக்கு வருகிறான். அங்கிருந்து விசாகப்பட்டினம், விஜயவாடா, கூடூர், கும்மிடிப்பூண்டி என்று தண்டவாளம் நேராக வடசென்னையின் தலைமாட்டுக்கு வருகிறது. கேரளம் நோக்கிப் போகும் சில ரயில்கள் சென்ட்ரலுக்குள் நுழையாமல் கொருக்குப்பேட்டையில் திரும்பிப் பெரம்பூர் வழியாகவே போய்விடும். சாலையில் வந்தாலும் செங்குன்றம், மாதவரம்தான் நுழைவாயில். நகரத்தின் வடக்கு வாசல் எங்கள் தெருவில் இருக்கிறது என்பது இந்த வியாபாரம் இங்கே தெரிவதற்கு ஒரு காரணம். வாடிக்கையாளர்கள் எல்லாத் திசையிலும் இருக்கிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, விகிதம்தான் முக்கியம். மலையில் கிலோ 3,000 ரூபாய்க்கு வாங்கிய சரக்கு, இங்கே சிறு பொட்டலங்களாகப் பிரிந்து கிலோ 40,000 ரூபாய்க்கு விற்கிறது என்று கொள்வோம். டிக்கெட், டேப், பை என்று எல்லாவற்றையும் சேர்த்தாலும் கிலோவுக்குச் சில நூறுதான் செலவு. அதே ரயிலில் அதே தூரம் வரும் மஞ்சள் மூட்டைக்கு இப்படி ஒரு விலையேற்றம் கிடையாது. மிச்சமிருக்கும் 36,000 ரூபாயும் சிறைக்குப் போகக்கூடிய ஆபத்தை ஏற்றுக்கொள்வதற்கான விலை. இப்போது பத்துப் பைகள், ஒவ்வொன்றிலும் 10 கிலோ. மூன்று பைகள் பிடிபட்டுவிட்டன. மொத்த முதல் 3 லட்சம். மீதி ஏழு பைகளின் விற்பனை 28 லட்சம். பறிமுதல் செய்தியில் சரக்கின் மதிப்பைப் பெரும்பாலும் தெருவிலையில்தான் போடுகிறார்கள். உடைமைக்காரனுக்கு நஷ்டம் மலைவிலையில். 12 லட்சம் மதிப்புள்ள கஞ்சா சிக்கியது என்று நாம் படிக்கும் அதே நாளில், அவன் தன் நோட்டில் 90,000 என்று எழுதிக்கொள்கிறான்.

விலை இடைவெளிதான் கடத்தலின் உயிர் என்பதற்கு வடசென்னை வேறொரு பாடத்தையும் பார்த்திருக்கிறது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969-ல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே வந்தது பர்மா பஜார். வெளிநாட்டுக் கடிகாரம், டேப் ரிக்கார்டர், கேமரா என்று இறக்குமதிக் கட்டுப்பாடு எதையெல்லாம் அருமைப்படுத்தியதோ, அதெல்லாம் அங்கே கிடைத்தது. மண்ணடியில் "குருவி" என்ற சொல் புழங்கியது. பிறருடைய சரக்கைத் தன் பெட்டியில் வைத்துப் பறந்துபோய்ப் பறந்துவருபவர் குருவி. தங்கம்தான் அந்தத் தொழிலின் ராஜா. 1968-ல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் உள்நாட்டு விலைக்கும் வெளிநாட்டு விலைக்கும் நடுவே பெரிய பள்ளத்தை வெட்டியிருந்தது. 1990-ல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 1992-ல் வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் வரி கட்டித் தங்கம் கொண்டுவரலாம் என்றானது. பள்ளம் நிரம்பியது, துப்பாக்கிச் சூடோ மாபெரும் தேடுதல் வேட்டையோ இல்லாமல் தங்கக் கடத்தல் சுருங்கிப்போனது. பிறகு 2013-ல் இறக்குமதி வரி 10 சதவீதமாக ஏறியதும் குருவிகள் திரும்ப வந்தன. 2022-ல் 15 சதவீதம் ஆயிற்று, 2024 ஜூலையில் 6 சதவீதமாக இறங்கியது. விமான நிலையத்தில் தங்கம் பிடிபட்ட செய்திகளை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தால், சுங்கத்துறையின் கெடுபிடியைவிட வரி விகிதம் எவ்வளவு பேசுகிறது என்று தெரியும்.

கஞ்சாவும் தங்கமும் ஒன்றல்ல. தங்கம் வாங்கியவர் அடுத்த மாதம் வாங்காவிட்டாலும் கை நடுங்காது. போதைப்பொருளின் விலை இடைவெளியை அப்படியே மூடிவிட்டால், மலிந்த விலையில் புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகமாகலாம். அதனால் எல்லாவற்றையும் திறந்துவிடு என்பது என் வாதமில்லை. தடை ஒரு வரியைப் போல வேலை செய்கிறது. அந்த வரியை வசூலிப்பது அரசல்ல, கடத்துகிறவன். இதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச முடியும்.

வரி ஏறினால் விற்பனை குறையவேண்டுமே என்று கேட்கலாம். புதிதாகத் தொட்டுப்பார்க்கும் பதினைந்து வயதுப் பையனிடம் குறையும். அவன் கையில் பணம் இல்லை. அடிமையாகிவிட்டவனிடம் குறையாது, விலை இரட்டிப்பானால் அவன் வீட்டிலிருந்து இரண்டு பங்கு எடுத்துவருவான். குற்றத்தையும் தண்டனையையும் பொருளியல் கண்ணால் பார்க்கும் மரபை 1968-ல் தொடங்கிவைத்த பொருளியலாளர் கேரி பெக்கர், பின்னாளில் கெவின் மர்ஃபி, மைக்கேல் கிராஸ்மன் ஆகியோரோடு சேர்ந்து இதைத்தான் விளக்கினார். விலை ஏறியும் வாங்குவது அதிகம் குறையாத ஒரு பொருளில் கெடுபிடியைக் கூட்டினால், அந்தச் சந்தையில் புரளும் மொத்தப் பணம் கூடும். சிக்காமல் தப்பியவனுக்குப் பெரிய பங்கு.

வழி அடைபட்டால் வேறு வழி. ஆந்திரக் காவல்துறை 2021-ல் "பரிவர்த்தனா" என்ற பெயரில் மலைத்தோட்டங்களை அழித்தது. அதே ஆண்டின் இறுதியில் தமிழ்நாடு காவல்துறை "கஞ்சா வேட்டை" நடவடிக்கையைத் தொடங்கிப் பிறகு தவணை தவணையாகத் தொடர்ந்தது. இவற்றின் விளைவு என்ன என்று கேட்பதற்கு, மெக்சிகோவை ஆராய்ந்த மெலிஸா டெல் என்ற பொருளியலாளரின் 2015-ஆம் ஆண்டு ஆய்வு உதவுகிறது. கடத்தல்காரர்கள் செலவு குறைந்த சாலையைத் தேடுவார்கள் என்று வைத்துக்கொண்டு அவர் ஒரு வரைபடம் போட்டார். கெடுபிடியை ஆதரித்த கட்சியின் மேயர் மிகக் குறைந்த வாக்குகளில் வென்ற ஊர்களையும், அதேபோல நூலிழையில் தோற்ற ஊர்களையும் ஒப்பிட்டார். வென்ற ஊர்களில் கொலைகள் கூடின. பெரும்பாலும் கடத்தல்காரர்கள் ஒருவரையொருவர் கொன்றது. சரக்கோ, வரைபடம் முன்னறிவித்த மாற்றுச் சாலையிலுள்ள ஊர்களில் போய்ப் பிடிபட்டது. அங்கெல்லாம் மோதிக்கொண்டவர்கள் ஆயுதப் படைகள் போன்ற கும்பல்கள். இங்கே இருப்பவர்கள் சிறு வியாபாரிகள். ஆனால் இயங்கும் விதம் ஒன்றே. சென்ட்ரலில் மோப்ப நாய் நின்றால் பை பெரம்பூரில் இறங்கும். பெரம்பூரிலும் நின்றால் மாதவரம் பஸ்ஸில் வரும். அதுவும் போனால் கூரியர் பார்சலில் வரும். பழைய விற்பனையாளன் சிறைக்குப் போன தெருமுனைக்கு இரண்டு பேர் போட்டியிடும்போதுதான் கத்தி வெளியே வருகிறது.

சட்டத்தின் எடைக்கோடுகள் வியாபாரத்துக்கு வடிவம் கொடுக்கும் விதத்தையும் சொல்லவேண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சாவுக்குச் சிறிய அளவு 1 கிலோ வரை. வணிக அளவு 20 கிலோவுக்கு மேல். முதலாவதற்கு அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. இரண்டாவதற்குக் குறைந்தது பத்தாண்டு, ஜாமீன் கிடைப்பது மிகக் கடினம். இடையில் இருப்பதற்குப் பத்தாண்டு வரை. இந்தக் கோடுகளை வழக்கறிஞரைவிட நன்றாக அறிந்தவர்கள் பொட்டலம் கட்டுபவர்கள். அதனால் பையில் 20-ஐத் தொடாமல் கட்டுகிறார்கள். தெருவில் நிற்பவன் கையில் ஒரு கிலோவைத் தாண்ட விடுவதில்லை. ஆபத்தைச் சிறுசிறு துண்டாக்கிப் பல தலைகளில் ஏற்றிவிட்டால், எந்தத் தலையும் பெரிய குற்றவாளியாக இருக்காது. பிடிபடும் தலைகளின் எண்ணிக்கை மட்டும் கூடும்.

அந்தத் தலைகளுக்கு வருகிறேன்.

சந்து முனையில் நிற்கும் பதினெட்டு வயதுப் பையனுக்கு என்ன கிடைக்கிறது? சிகாகோவில் கிராக் கோகெய்ன் விற்ற ஒரு கும்பலின் நான்காண்டுக் கணக்குப் புத்தகம், சென்னையில் பிறந்த சமூகவியலாளர் சுதிர் வெங்கடேஷின் கைக்குக் கிடைத்தது. அதை அவரும் பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட்டும் ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டார்கள். தெருவில் நின்று விற்றவர்களின் கூலி, அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலியை ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருந்தது. பலர் தாயின் வீட்டில்தான் இருந்தார்கள். பக்கத்தில் வேறு வேலையும் பார்த்தார்கள். தலைவனின் வருமானம் மட்டும் பல மடங்கு. இந்த ஆய்வை முதன்முதலில் படித்தபோது என் தெருப் பையன்களின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. பைக், செல்போன், பிரியாணி என்று வெளியே தெரிபவை மேலே இருக்கும் ஒருவனுடையவை. கீழே நிற்பவன் அந்த ஒருவனாகும் நாளுக்காகக் காத்திருக்கிறான். அதற்குள் பாதிக் கூலியைச் சரக்காகவே வாங்கி ஊதித் தீர்த்துவிடுகிறான்.

இவ்வளவு மலிவான கூலிக்கு ஆள் கிடைப்பதன் காரணம், அவனுக்கு முன்னால் இருக்கும் மற்ற வேலைகளில் இருக்கிறது. பெரம்பூர் பக்கிங்ஹாம்–கர்நாடிக் ஆலை, நாம் பின்னி மில் என்று சொல்வது, 1996-ல் மூடப்பட்டது. 1918-ல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது இந்த ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டுதான். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் இன்று இருபது வயதாகும் பல பையன்களின் தாத்தாக்கள் அங்கே வருகைப் பதிவேடும் வைப்பு நிதியும் வைத்திருந்தவர்கள். பேரன்களுக்குக் கிடைப்பது குடோனில் மூட்டை, ஒப்பந்த வேலை, உணவு விநியோகம். இவற்றில் பலவற்றில் சம்பளம் மாதக் கடைசியில் வருகிறது. வீட்டுக்கோ தண்டல்காரர் தினமும் மாலையில் வருகிறார். தெருமுனை அன்றைய பணத்தை அன்றே தருகிறது. மாதச் சம்பளக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் சிறியதாகத் தெரியலாம். தினக்கடனில் ஓடும் குடும்பத்துக்கு இன்றைய இருநூறும் முப்பதாம் தேதியின் முந்நூறும் சமமே இல்லை.

முகவரியும் உழைப்பின் விலையைக் குறைக்கிறது. நான் முதன்முதலில் நேர்காணலுக்குப் போன அலுவலகத்தில், விண்ணப்பத்தைப் படித்தவர் "வியாசர்பாடியா?" என்று கேட்டுவிட்டுக் கோப்பை மூடி வைத்தார். அது ஒரு நாள் வருத்தமாகப் போயிருக்கலாம், எனக்குப் படிப்பு இருந்தது. ஒரு வழக்கும் சேர்ந்துவிட்ட பையனை எண்ணிப் பாருங்கள். பல நிறுவனங்கள் காவல்துறைச் சான்று கேட்கும். நேர்மையான வேலையில் அவன் ஈட்டக்கூடிய தொகை ஒரே நாளில் பாதியாகிறது. குற்றத்தைக் கைவிட்டால் கிடைப்பது எவ்வளவு குறைகிறதோ, மறுபடி குற்றம் செய்வதில் இழப்பதும் அவ்வளவு குறைகிறது. சிறு அளவு வைத்திருந்த பையனுக்கு முதல் வழக்குப் போடும்போது, இரண்டாவது வழக்கின் விலையை நாமே இறக்கிவைக்கிறோம். குண்டர் சட்டம் என்று பெயர்பெற்ற 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில் விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்துவைக்கலாம். அந்த ஓராண்டில் புழல் சிறையில் அவனுக்கு அறிமுகமாகிறவர்களில், மலைக்கு நேராகத் தொடர்பு வைத்திருப்பவர்களும் உண்டு. அவன் வெளியே வரும்போது வெறும் தெருமுனைப் பையன் அல்ல. அவன் நின்ற இடத்தில் ஒரு வாரத்துக்குள் இன்னொருவன் நின்றிருப்பான்.

இப்படியான சந்தையை ஒற்றைத் தலைவன் ஆளும் மாபெரும் நிறுவனமாகக் கற்பனை செய்வது பிழை. நியூயார்க்கின் சட்டவிரோதச் சந்தைகளை ஆராய்ந்த பீட்டர் ராய்ட்டர் 1983-லேயே சொன்னார்: விளம்பரம் செய்ய முடியாது, வங்கிக் கடன் வாங்க முடியாது, ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் காட்ட முடியாது, அறிந்த ஆள்கள் கூடக்கூட ஆபத்தும் கூடும், ஆகவே இவை சிறியவையாகவும் அடிக்கடி உடைபவையாகவும் இருக்கும். கடன் பத்திரமும் முத்திரையும் இல்லாத இடத்தில் கடன் நிற்பது உறவின் மேல். அண்ணன், மைத்துனன், சில வீடுகளில் தாய் என்று குடும்பமே கடையாவது அதனால்தான். உறவு தீர்ந்த இடத்தில் வெட்டு. "முன்விரோதம் காரணமாக" என்று செய்தியில் வரும் கொலைகளில் சில, வசூலாகாத கடன்.

கெடுபிடி சரக்கையே மாற்றிவிடுவதும் உண்டு. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஒளித்துச் செய்யும் தொழிலில் பரிசோதனைச் சாலை இல்லை. சிறிய இடத்தில் அதிக வீரியத்தை அடைப்பவனுக்கு லாபம். வடசென்னையில் இதன் இன்றைய வடிவம் வலி நிவாரண மாத்திரை. டிரமடால் என்ற மாத்திரையை 2018-ல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு தவறான பயன்பாட்டில் முன்னுக்கு வந்தது டேபெண்டடால் என்ற இன்னொரு வலி நிவாரணி. கிலோ கணக்கில் நாறும் கஞ்சாப் பையோடு ஒப்பிட்டால், ஒரு மாத்திரை அட்டை சட்டைப் பைக்குள் அடங்கும், மணமில்லை, கூரியரில் வரும். கடத்துபவனின் கணக்கில் இது முன்னேற்றம். அதைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்களுக்கோ புண், ரத்தத்தில் நஞ்சு, பகிர்ந்த ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமி, சில வேளைகளில் மரணம். கஞ்சாவை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் வேட்டையின் வெற்றிக் கணக்கில் இந்தப் பையன்கள் வருவதில்லை.

இந்தக் கணக்கிலிருந்து எனக்குத் தெரியும் வழி, வாங்குபவர்களில் மிக அதிகம் வாங்குபவர்களிடம் தொடங்குவது. எந்தப் போதைச் சந்தையிலும் விற்பனையின் பெரும்பகுதி ஒரு சிறிய கூட்டத்தின் தலையில்தான் நிற்கிறது. தினமும் வாங்கும் இருபது பேர் சிகிச்சைக்குப் போனால், அந்தத் தெருமுனைக்கு ஏற்படும் இழப்பு ஐந்து விற்பனையாளர்களைப் பிடிப்பதைவிட அதிகம். ஏனென்றால் விற்பவனின் இடத்தில் வேறொருவன் உடனே நிற்பான், தினசரி வாங்குபவனை அப்படி உடனே உருவாக்க முடியாது. மேல்மட்டத்தில், பிடிபட்ட பையை எடைபோடுவதோடு நிறுத்தாமல், முன்பணம் கொடுத்தவனின் சொத்தைத் தொடர்வது. அதற்கான சொத்துப் பறிமுதல் அதிகாரம் அதே சட்டத்திலேயே இருக்கிறது.

சிகிச்சைக்கான வாசலும் அதே சட்டத்தில் இருக்கிறது. 64ஏ பிரிவின்படி, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ உட்கொண்டதற்காகவோ வழக்குக்கு உள்ளான, போதைக்கு அடிமையானவர், தாமே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற நிலையத்திலோ சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். 14446 என்ற இலவச எண்ணில் சிகிச்சைக்கான வழி கேட்கலாம். ஆனால் அந்த விலக்கை நீதிமன்றத்தில் கேட்டுப் பெற ஒருவர் வேண்டும். புளியந்தோப்பில் மகனுக்காக ஓடும் தாய்க்கு ஜாமீன் என்ற சொல் மட்டும்தான் தெரியும். தண்டல்காரரிடம் வாங்கும் பத்தாயிரம் அதற்கே போய்விடுகிறது. மறுநாள் மாலையிலிருந்து நூறு நூறாகத் திருப்ப வேண்டும். மகன் வெளியே வருகிறான். உடம்பு இன்னும் மாத்திரையைக் கேட்கிறது. வீட்டில் அன்றைய நூறு ரூபாய் குறைகிறது. அன்று மாலையே கையில் பணம் தரும் வேலை எது என்று தேடிக்கொண்டு அவன் தெருவில் இறங்குகிறான்.